திறப்பா, பாஸா?

எங்கட ஊரில் 'சாவி' என்று யாரும் சொல்வதில்லை. திறப்பு. பெயரும் அதுதான், வேலையும் அதுதான். ரொறன்ரோ அலுவலகக் கட்டடங்களில் அந்தச் சாமான் மெல்ல மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் இரும்புத் திறப்பு போய் பிளாஸ்ரிக் காட் வந்தது. இப்போது காட்டும் வேண்டாம், உங்கள் கைத்தொலைபேசியே திறப்பு என்கிறார்கள். போனைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'ரிக்' என்று சத்தம், பச்சை வெளிச்சம், கதவு திறக்கும்.

இதைப்பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் இதை விற்கிறவர்கள். வசதி, பாதுகாப்பு, பிளாஸ்ரிக் குறையும், சுற்றாடலுக்கு நல்லது என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் விற்கிறவன் அல்ல. அகதியாக வந்த காலத்திலிருந்து இரவு நேரத் துப்புரவு வேலை செய்கிறவன். இப்போது எட்டுப் பேருக்கு சுப்பவைசர். ஒரு இரவில் நான் திறந்து மூடுகிற கதவுகளை எண்ணினால், அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு வருடத்தில் திறக்கிற கதவுகளை விடக் கூடவாக இருக்கும். ஆகவே கதவுகளைப் பற்றிக் கதைக்க எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் நியாயமாக, இதிலுள்ள நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய காட்டுகள் பாதுகாப்பானவை என்று நினைத்தால் அது பிழை. பல கட்டடங்களில் இன்றைக்கும் இருக்கிற 125 கிலோஹேட்ஸ் காட், வாசிப்பானுக்குப் பக்கத்தில் போனதும் தன் இலக்கத்தை எந்த மறைப்பும் இல்லாமல் சத்தம் போட்டுச் சொல்லுகிற சாதனம். பக்கத்தில் நின்று அதைக் கேட்கிற மெசின் ஒன்று இருந்தால் பிரதி எடுத்துவிடலாம். அதற்கு அடுத்ததாக 1994இல் வந்த 'மைஃபெயார் கிளாசிக்' காட் உலகம் முழுக்கப் பரவியது. 2007 டிசம்பரில் பேர்லினில் நடந்த ஹக்கர்கள் மாநாட்டில் அதன் இரகசியக் குறியாக்கத்தை உடைத்து விளக்கினார்கள். 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதை உடைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வை வெளியிடவிடாமல் தடுக்க உற்பத்தி நிறுவனமான என்.எக்ஸ்.பி நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடுக்க மறுத்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் காட்டுகள் பல கதவுகளில் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

போன் இதைவிட மேல். திறப்புக்கான இரகசிய எண் போனுக்குள்ளே தனியான ஒரு பாதுகாப்புச் சிப்பில் இருக்கலாம். கதவும் போனும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும். ஒட்டுக்கேட்டு எடுத்ததை வைத்து அடுத்த முறை திறக்க முடியாது. காட் தொலைந்தால் மூன்று நாள் கழித்துத்தான் தேடுவோம். போன் தொலைந்தால் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். 2021 ஜூனில் அப்பிள் கொம்பனி வேலைத்தள அடையாளக் காட்டை ஐபோனின் 'வொலற்'றுக்குள் வைக்கலாம் என்று அறிவித்தபிறகு இது பெரிய கட்டடங்களில் சாதாரண விசயமாகிக்கொண்டு வருகிறது.

ஆனால் போனும் கோயில் கதவு மாதிரிப் புனிதமானது அல்ல. இரண்டு வகை இருக்கிறது. என்.எவ்.சி என்பது சில சென்ரிமீற்றர் கிட்டத்தில்தான் வேலை செய்யும். புளூரூத் தூரத்திலிருந்தே வேலை செய்யும், கையைக்கூடப் பொக்கற்றிலிருந்து எடுக்கத் தேவையில்லை. அந்த வசதிதான் அதன் பலவீனமும். 2022 மே மாதம் என்.சி.சி குறூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இரண்டு சின்ன உபகரணங்களை நடுவில் வைத்து புளூரூத் சமிக்ஞையைக் கடத்தி, சொந்தக்காரரின் போன் தூரத்தில் இருக்கும்போதே டெஸ்லா காரையும் சில வீட்டுப் பூட்டுகளையும் திறந்து காட்டியது.

பூட்டு நல்லதா கூடாதா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எந்தப் பூட்டும் கொஞ்சக் காலத்துக்குத்தான். என்னுடைய கேள்வி வேறு. அந்தப் போன் யாருடையது?

மேல் மாடியில் வேலை செய்கிற மனேச்சருக்குக் கொம்பனி போன் கொடுக்கும், பில்லையும் கட்டும். இரவு பத்து மணிக்கு அவருடைய குப்பைக் கூடையை வெறுமையாக்க வருகிற அக்காவுக்கு யார் கொடுப்பது? அவர் கட்டடச் சொந்தக்காரரிடம் வேலை செய்யவில்லை. சொந்தக்காரர் ஒருவர், அதைப் பராமரிக்கிற நிர்வாகக் கொம்பனி ஒன்று, அது கொந்திராத்துக் கொடுத்த துப்புரவுக் கொம்பனி ஒன்று, அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி இன்னொன்று. நாலு படி. போன் மட்டும் அக்காவுடையது. அந்தப் போன் அனேகமாக மகன் புதிது வாங்கியபோது தள்ளிவிட்ட பழையது. கண்ணாடி வெடித்திருக்கும். பற்றரி மத்தியானத்தோடு பாதியாகிவிடும். மாதாந்த டேற்றா இருக்காது, வீட்டு வைஃபையில்தான் ஊரோடு கதைப்பார். மலிவான பல போன்களில் என்.எவ்.சியே கிடையாது. செயலியைப் புதுப்பிக்கச் சொல்லும், புதுப்பித்தால் 'உங்கள் போன் இதற்கு ஏற்றதல்ல' என்று சொல்லும்.

புதிய ஐபோன்களில் பற்றரி இறந்த பிறகும் ஐந்து மணித்தியாலம் வரை வொலற்றில் உள்ள திறப்பு வேலை செய்யக்கூடும். நல்ல விசயம்தான். ஆனால் அந்த வசதி யாரிடம் இருக்கிறது? புதுப் போன் வாங்கக் காசுள்ளவரிடம். புளூரூத்தில் ஓடுகிற செயலியை நம்பியிருக்கிறவருக்குப் பற்றரி போனால் திறப்பும் போச்சு.

இன்னொன்று, வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். தீ விபத்துச் சட்டங்களின்படி உள்ளே இருந்து வெளியே போகும் கதவுகள் திறப்பில்லாமலே திறக்க வேண்டும். சரி. ஆனால் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க லோடிங் டொக்குக்குப் போனால் கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும். காட் கழுத்தில் தொங்கும். போன் சார்ஜில் மேலே நாலாம் மாடியில் இருக்கும். ஜனவரி மாத இரவில், ஜக்கெற்றும் மேலே இருக்க, அந்த டொக்கில் நின்று பார்த்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொம்பனிப் பெயர் வேண்டாம், எல்லாக் கொம்பனியும் ஏறத்தாழ ஒன்றுதான்.

என்னுடைய ஆட்களில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா. காட்டை நிறுத்திப் போனுக்கு மாற்றி இரண்டாவது கிழமை. ஒன்பதரைக்கு வந்துவிட்டார். கதவு திறக்கவில்லை. எனக்கு அடித்தார்.

"தம்பி, இது சுத்திக்கொண்டே நிக்குது. உள்ள விடமாட்டன் எண்டுது."

"அப்பிடியே நில்லுங்கோ அக்கா, ஆளை அனுப்பிறன்."

கூட வேலை செய்கிற பெடியன் போய்க் கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தான். அக்கா வழக்கம்போல நாலாம் மாடி, ஐந்தாம் மாடி இரண்டையும் முடித்தார். ரொய்லெற் கழுவினார், கூடைகள் எல்லாம் வெறுமையாக்கினார், விடிய இரண்டரைக்கு வீட்டுக்குப் போனார். சம்பளம் வந்தபோது அந்த இரவு இல்லை. கேட்டால், கதவுப் பதிவில் அவருடைய பெயர் இல்லையாம். ஆகவே அவர் வரவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கதவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் போன் எத்தனை மணிக்கு எந்தக் கதவைத் தொட்டது. அந்த மனுசி குனிந்து துடைத்த தரை அதற்குத் தெரியாது. அவர் கட்டி இறக்கிய குப்பைப் பைகள் தெரியாது. பூட்டைக் காக்க வைத்த பதிவேடு எப்போது சம்பளப் பதிவேடாக மாறியது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் அந்தப் பெடியனும் எழுத்தில் சாட்சி கொடுத்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு காசு வந்தது. மன்னிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் 2022இல் வந்த சட்டத்தின்படி, 25 பேருக்கு மேற்பட்டோ அந்த எண்ணிக்கையிலோ ஆட்களை வைத்திருக்கிற முதலாளி, தன் ஊழியர்களை இலத்திரனியல் முறையில் கண்காணிக்கிறாரா, எப்படி, எதற்காக என்று எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். அந்தப் பிரதியை ஊழியருக்குக் கொடுக்கவும் வேண்டும். ஏஜென்சி மூலம் அனுப்பப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும். கதவுப் பதிவைப் பார்த்துத்தான் நேரம் கணக்கிடுகிறார்கள் என்றால் அது அந்தக் கடதாசியில் இருக்க வேண்டும். ஆனால் கவனியுங்கள்: அந்தச் சட்டம் கண்காணிக்காதே என்று சொல்லவில்லை, கண்காணிப்பதைச் சொல்லிவிடு என்றுதான் சொல்கிறது. அரைக் கிணறு தாண்டிய சட்டம். இருந்தாலும் கேட்பதற்கு ஒரு கடதாசியாவது இருக்கிறது.

காசு விசயத்தில் கலிபோர்னியாவைப் பாருங்கள். வேலைக்காகச் சொந்தப் போனைப் பாவிக்கவேண்டிய கட்டாயம் இருந்தால், பில்லில் நியாயமான ஒரு பங்கை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 2014இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அழைப்புகளுக்கு மேலதிகமாகக் காசு போகாத பிளானாக இருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும். அது போனில் கதைப்பதைப் பற்றிய வழக்கு. கதவைத் திறப்பதற்கும் நியாயம் ஒன்றுதானே?

நியூயோர்க்கில் இன்னொரு கதை. மன்ஹட்டனில் ஒரு அடுக்குமாடியில் சொந்தக்காரர் முன்வாசலுக்குப் போன் பூட்டுப் போட்டார். குடியிருந்தவர்கள், அவர்களில் தொண்ணூறு வயது தாண்டியவரும் ஒருவர், எங்களுக்கு இரும்புத் திறப்புத்தான் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2019 மே மாதம் இணக்கத் தீர்வு வந்தது. திறப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2021இல் நியூயோர்க் நகரம் இதற்கென்று சட்டமே கொண்டுவந்தது. எந்தத் தரவை எடுக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கதவு திறந்த பதிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு. வாடகை கொடுத்து இருக்கிறவருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, அதே நகரத்து அலுவலகத்தில் இரவில் தரை துடைக்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

திறப்புக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கட சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடந்தது. வீடு இருக்குமோ இல்லையோ, திறப்பு அவரவருடையது. பாஸ் அப்படியல்ல. இயக்கத்தின் இடத்திலிருந்து வெளியே வர ஒரு பாஸ், அதற்குப் பிணைக்கு ஒரு ஆள். வவுனியாவுக்கு வந்தால் ஆமிக்காரனிடம் ஒருநாள் பாஸ், ஒருமாதப் பாஸ் என்று வரிசை. பாஸ் எங்கள் சட்டைப் பையில் இருந்தாலும் அது எங்களுடையது அல்ல. கொடுத்தவன் நினைத்தால் அது அந்த நிமிடத்திலேயே வெறும் கடதாசி.

போன் திறப்பும் அந்த வகைதான். திறப்பு என்று பெயர், உண்மையில் பாஸ். எங்கேயோ இருக்கிற ஒரு கொம்பியூட்டரில் என் பெயருக்கு நேரே ஒரு அடையாளம் இருக்கிறது. அது இருக்கும் வரை கதவு திறக்கும். யாரோ ஒருவர் விரலால் தட்டினால், அல்லது ஒருவரும் தட்டாமலே அந்த முறை பழுதானால், நான் வெளியே. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்க நின்றுபோனது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அவர்களுடைய ஆட்கள் சிலரே தங்கள் கட்டடத்துக்குள் போக முடியாமல் நின்றார்கள், காட் கதவைத் திறக்கவில்லை என்று செய்தி வந்தது. அவர்களுக்கே அப்படி என்றால் ஸ்காபரோவில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அக்காவுக்கு?

அலுவலகக் கதவும் தாண்டிக்குளம் சென்றியும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கே ஒருத்தரும் துவக்கு நீட்டப் போவதில்லை. பிளாஸ்ரிக் காட்டையும் அதே கொம்பியூட்டரில்தான் நிறுத்துகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் காட்டை அவர்கள் தந்தார்கள், வேலை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்கும் என் வாழ்க்கைக்கும் தொடர்பில்லை. போன் அப்படியா? அதில் அம்மாவின் கடைசிக் குரல் பதிவு இருக்கிறது. பிள்ளைகளின் படம் இருக்கிறது. வக்கீலுக்கு அனுப்பிய பத்திரங்கள் இருக்கின்றன. ஊரில் இருக்கிறவர்களின் இலக்கங்கள் இருக்கின்றன, அவர்களில் சிலர் பெயர் வெளியே வரக்கூடாதவர்கள்.

அகதிக்குப் போன் என்றால் என்ன என்று அரசாங்கங்களுக்கு நன்றாகத் தெரியும். 2020இல் பிரித்தானியா சிறு படகுகளில் வந்து இறங்கியவர்களின் போன்களை மொத்தமாகப் பறித்தது. 2022 மார்ச்சில் அங்குள்ள உயர் நீதிமன்றம் அது சட்டத்துக்கு மாறானது என்றது. ஜேர்மனியில் 2017 சட்டத்தை வைத்துக்கொண்டு, அடையாளப் பத்திரம் இல்லாமல் வந்தவர்களின் போன்களைத் திறந்து பார்த்தார்கள். வேறு வழிகளைப் பாராமல் எடுத்த எடுப்பிலேயே அப்படிச் செய்யக்கூடாது என்று 2023 பெப்ரவரியில் ஒரு ஆப்கானியப் பெண்ணின் வழக்கில் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி நீதிமன்றம் வரை போய்க் காப்பாற்றிய சாமானை, வேலைக்காக ஒரு செயலியைப் போடு, இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி கொடு, புளூரூத்தை எப்போதும் திறந்து வை என்று கேட்டால் பயம் வரத்தான் செய்யும். அந்தச் செயலி ஒன்றுமே பார்க்காததாக இருக்கலாம். ஆனால் பயப்படுகிறவரைப் பார்த்து 'உங்களுக்கு ரெக்னோலொஜி விளங்காது' என்று சிரிப்பது சரியில்லை. அவருக்கு விளங்கியது வேறு விசயம்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். எங்கட ஆட்கள் இப்போது கதவின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிளாசா வைத்திருக்கிறவர்கள், கணக்காளர்கள், வக்கீல்கள், துப்புரவுக் கொந்திராத்து எடுக்கிறவர்கள் எத்தனை பேர்! இந்தப் பூட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிற எங்கட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் இரவில் கிளீனிங் செய்துதான் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

காட் கேட்கிறவருக்குக் காட் கொடுங்கள், ஏன் என்று கேளாமல் கொடுங்கள். இப்போது வருகிற வாசிப்பான்களில் பெரும்பாலானவை காட், போன் இரண்டையும் வாசிக்கும். பாதுகாப்பு என்று காரணம் சொல்லாதீர்கள், 'டெஸ்ஃபயர்' போன்ற நல்ல குறியாக்கமுள்ள காட்டுகள் இருக்கின்றன. ஒரு காட் சில டொலர்தான். போன்தான் வேண்டும் என்றால் போனையோ பில்லின் பங்கையோ நீங்கள் கொடுங்கள். கதவுப் பதிவைக் களவு பிடிக்க வையுங்கள், சம்பளம் வெட்ட வைக்காதீர்கள், தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கதவு திறக்காவிட்டால் அடிப்பதற்கு மனிதர் எடுக்கிற ஒரு இலக்கத்தைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சொல். போனில் செயலியைப் போடச் சொன்னால் உடனே தலையாட்டாமல், காட் இருக்கா என்று முதலில் கேளுங்கள். வாயால் மட்டும் கேட்காமல் ஒரு ரெக்ஸ்ற் மெசேஜாவது போட்டுக் கேளுங்கள், அது பிறகு உதவும். கண்காணிப்புக் கொள்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கதவு திறக்காத இரவில் யார் உங்களை உள்ளே விட்டது, எத்தனை மணிக்கு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எங்கள் அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார். பத்துச் சத விலைக் கொப்பி, தமிழில் எழுதுகிறார். திகதி, வந்த நேரம், போன நேரம், எத்தனை பை குப்பை. காட்டும் திரும்பக் கிடைத்துவிட்டது.